ஆள் அரவமற்ற சாலையிலே...

ஸ்பெயின் தேசம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எருதுச் சண்டை, சுழன்றாடும் பாவாடை, கையில் விசிறியுடன் ஒய்யாரமாக நிற்கும் ஒரு பெண். எல்லாம் சினிமாக்காரர்கள் செய்த உபகாரம்! அந்த ஸ்பெயின்தான் வேண்டும் என்றால் செவில் நகருக்குப் போய்க் கூட்டத்தில் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்று நான் உங்களை அழைத்துப் போவது வேறு ஸ்பெயினுக்கு. அங்கே சாலையில் ஒரு கார் போனால், அடுத்த கார் வருவதற்குள் நீங்கள் சாவகாசமாக ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தின்று முடித்துவிடலாம். நாம் போகப் போகும் வாகனம் சைக்கிள்.

"சைக்கிளா? இந்த வயதிலா?" என்று பின்வாங்க வேண்டாம். ஏற்றத்துக்கென்று பல்சக்கரங்கள் பல வைத்த சைக்கிள் இப்போது கிடைக்கிறது. சிறிய பல்லில் சங்கிலியை மாற்றிக்கொண்டால் மலையிலும் மூச்சு வாங்காமல், நடை வேகத்தில், ஏறிவிடலாம். அந்த நாட்டுச் சட்டமும் நமக்குச் சாதகம். சைக்கிளைத் தாண்டிப் போகும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகித்தான் போக வேண்டும். அதற்காகச் சாலை நடுவிலுள்ள கோட்டைத் தாண்டினாலும் குற்றமில்லை. ஊருக்கு வெளியே போகும்போது நீங்கள் தலைக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். அது ஒன்றுதான் உங்கள் பங்கு.

நாம் புறப்படும் ஊரின் பெயர் தெருவேல். தெருவும் இருக்கிறது, வேலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் எங்கேயோ இருக்க வேண்டிய பெயர் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் இது ஸ்பெயினின் கிழக்கே, அரகோன் பிரதேசத்தின் தென்கோடியில், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். செங்கல்லும், பச்சையும் வெள்ளையுமான பளபளக்கும் ஓடும் பதித்த கோபுரங்கள் இங்கே பிரசித்தம். கிறிஸ்தவ அரசர்களின் கீழ் வாழ்ந்த முஸ்லிம் கொத்தர்களின் கைத்திறன் வழி வந்தவை. மாதா கோயிலுக்கு மசூதி ஸ்தூபியின் சாயல்! 1986-இல் யுனெஸ்கோ இவற்றை உலகச் சொத்தாக ஏற்றுக்கொண்டது.

இந்த ஊருக்கு ஒரு காதல் கதையும் உண்டு. தியேகோ என்ற வாலிபன் இஸபெல் என்ற பெண்ணை விரும்பினான். பையனிடம் பணமில்லை என்றார் பெண்ணின் தகப்பனார். ஐந்து வருஷம் தவணை வாங்கிக்கொண்டு பொருள் தேடப் போனான். தவணை முடிந்து அவன் திரும்பி வந்த நாளில் இஸபெல்லுக்கு வேறொருவனோடு கல்யாணம் முடிந்திருந்தது. ஒரே ஒரு முத்தம் கேட்டான். "நான் இன்னொருவர் மனைவி" என்று மறுத்துவிட்டாள். அங்கேயே விழுந்து இறந்தான். மறுநாள் சவ அடக்கத்தின்போது அவள் அந்த முத்தத்தைக் கொடுத்தாள். அவன் மேலேயே சாய்ந்து அவளும் இறந்துபோனாள். இது நடந்தது 1217-இல் என்பது பரம்பரைப் பேச்சு. சான் பெத்ரோ கோயிலை ஒட்டிய மண்டபத்தில் இருவரின் உருவங்களும் பளிங்கு போன்ற கல்லில் படுத்திருக்கின்றன. இரண்டு கைகளும் ஒன்றை ஒன்று நோக்கி நீளுகின்றன, தொடவில்லை. நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டிருக்கிறார் சிற்பி. (இரண்டு பேரும் சுத்த அசடுகள் என்று எதுகை மோனையோடு கேலி செய்யும் ஸ்பானியர்களும் உண்டு. எனக்கு அந்தத் தகப்பனார் மேல்தான் கோபம்.)

சரி, சைக்கிளை எடுப்போம். வடக்கே கொஞ்ச தூரம் பெரிய சாலையில் போய் இடது பக்கம் திரும்பினால் அல்பர்ரசின் போகும் சாலை. தெருவேலிலிருந்து மொத்தம் 38 கிலோமீட்டர் இருக்கும். பாதி வழிக்கு மேல் போனால் ஹேயா என்ற கிராமம். இங்கே இறங்கி, பாறையைக் கவனியுங்கள். மனிதன் நுழைந்து நடக்கும்படியாக ஒரு சுரங்கம் குடைந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு ஜன்னல் போலத் துவாரங்கள். சுமார் 2,000 வருஷங்களுக்கு முன் ரோமானியர்கள் வெட்டிய வாய்க்கால் இது. அல்பர்ரசின் அருகே ஆற்றிலிருந்து தண்ணீரைத் திருப்பி, 25 கிலோமீட்டர் தள்ளி தெல்யா என்ற ஊர் வரை கொண்டுபோனார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே தெல்யாவில் பிற்காலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீர் தானாகவே பொங்கி மேலே வந்தது! காலடியில் தண்ணீர் இருக்க, மலையைக் குடைந்தார்கள் பாவம்.

ஹேயாவைத் தாண்டியதும் ஆறு உங்களோடு சேர்ந்துகொள்ளும். அதன் பெயர் குவாதலவியார். அரபு மொழியில் வெள்ளை ஆறு என்று பொருள். இருபுறமும் செங்குத்துப் பாறை. மேலே பிணந்தின்னிக் கழுகுகள் சிறகை அசைக்காமல் வட்டமிடும். பயப்படாதீர்கள், உயிரோடு இருப்பவர்களை அவை சட்டை செய்வதில்லை. சக்கரம் உருளும் ஓசையும் தண்ணீரின் சலசலப்பும் தவிர வேறு சத்தமே இராது. ஒரு வளைவு திரும்புகிறீர்கள். ஆற்றின் மடியில் உட்கார்ந்த பாறை மேல் ஓர் ஊரே ரோஜா நிறத்தில் நிற்கிறது. அதுதான் அல்பர்ரசின்.

உள்ளூரில் கிடைக்கும் செம்மண் நிறமான சாந்தைப் பூசிய வீடுகள். மாடிகள் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு, எதிர்வீட்டு மாடியைத் தொட்டுவிடும் போல நெருங்கி நிற்கும். இங்கே எதிர்வீட்டுக்காரியிடம் சர்க்கரைக் கடன் வாங்கப் படி இறங்க வேண்டிய அவசியமே இல்லை. கதவுகளில் தட்டுவதற்குப் பல்லியையோ டிராகனையோ போல் வளைந்த இரும்புப் பிடி. 11-ஆம் நூற்றாண்டில் பனூ ரஸீன் என்ற பெர்பர் வம்சத்தார் இதைத் தலைநகராக வைத்துத் தனி ராஜ்யம் ஆண்டார்கள். ஊர்ப் பெயர் அவர்களிடமிருந்து வந்தது. ஊருக்குப் பின்னால் மலை மேல் ஏறிப் போகும் மதில் சுவர், இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கோட்டையா என்று கேட்க வைக்கும். இடிந்து கொண்டிருந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய முறையிலேயே செப்பனிட்டு வருகிறது ஓர் அறக்கட்டளை. உள்ளூர் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் அதனால் வேலை. ஜனத்தொகை ஆயிரத்தை ஒட்டித்தான். சனி, ஞாயிறுகளில் உல்லாசப் பிரயாணிகள் வந்து குவிவார்கள். ஆகையால் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ச் சேருங்கள்.

மறுநாள் மேலே ஏறுவோம். ரோயுவேலா, கலோமார்தே, ஃப்ரியாஸ் என்று ஒவ்வொரு கிராமமாக வரும். கலோமார்தேயில் ஓர் அருவி உண்டு. பத்து நிமிஷம் உட்கார்ந்து போகலாம். ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில், பைன் மரங்களுக்கிடையே தாகோ நதி பிறக்கும் இடம். ஐபீரியத் தீபகற்பத்திலேயே நீளமான நதி. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிப் போர்ச்சுகலில் லிஸ்பன் அருகே கடலில் விழுகிறது. இங்கே அது ஒரு குழந்தை தாண்டிவிடும் ஓடை.

இதே நதிக்கரையில், வெகு தூரம் கீழே, தொலேதோ நகரம் இருக்கிறது. ஃபெதெரிக்கோ பஹமோந்தெஸ் வளர்ந்த ஊர் அது. இளம் வயதில் ஜீவனத்துக்காகச் சைக்கிளில் காய்கறி மூட்டை சுமந்தவர், 1959-இல் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற முதல் ஸ்பானியரானார். மலை ஏறுவதில் அவருக்கு நிகரில்லை, இறங்குவதுதான் பயம்! 1954-இல் ஒரு கணவாயின் உச்சிக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, மற்றவர்கள் வரும் வரை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நின்றாராம். 95 வயது வரை வாழ்ந்து, 2023-இல் காலமானார்.

இந்த மேட்டு நிலத்துக் கிராமங்களில் நீங்கள் ஒன்றைக் கவனிப்பீர்கள். சதுக்கம் இருக்கும், நீர்த்தொட்டி இருக்கும், கோயில் மணிக்கூண்டு இருக்கும். மனிதர்களைத்தான் தேட வேண்டும். பெஞ்சியில் இரண்டு கிழவர்கள், ஜன்னலில் ஒரு கிழவி. பல ஊர்களில் கடையே கிடையாது. ஹாரன் அடித்துக்கொண்டு ரொட்டி வண்டி வரும், கதவுகள் திறக்கும், ரொட்டியை வாங்கிக்கொண்டு மறுபடி மூடிக்கொள்ளும். தெருவேல் மாகாணத்தின் பரப்பு 14,800 சதுர கிலோமீட்டர். 1920-ஐ ஒட்டி இரண்டரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். இன்று சுமார் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்! ஸ்பெயின் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் தொண்ணூறுக்கு மேல் வரும்.

நாம் ஆனந்தமாக அனுபவித்துக்கொண்டு வந்த அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? 1950-களிலும் 60-களிலும் டிராக்டர் வந்தது. வயலில் வேலை குறைந்தது. நகரத்துத் தொழிற்சாலைகள் அழைத்தன. முதலில் கிளம்பினவர்களில் பெண்களே அதிகம். நிலம் ஆண்பிள்ளையின் பங்கு. பெண்ணுக்குக் கிராமத்தில் என்ன இருந்தது? அடுப்பும் ஆடும் பனியும். வலென்சியாவுக்கும் பார்ஸலோனாவுக்கும் வீட்டு வேலைக்கும், ஆலை வேலைக்கும், பிறகு படிக்கவும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்கள் போனதும் கல்யாணங்கள் நின்றன. பிறகு தொட்டில், பிறகு பள்ளிக்கூடம்.

இதே அரகோனில், பிரனீஸ் மலையடிவாரத்தில், பிளான் என்று ஓர் ஊர். அங்கே பிரம்மசாரிகள் மிகுந்துபோனார்கள். 1985-இல் டெலிவிஷனில் ஓர் அமெரிக்கப் படம் பார்த்தார்கள். மணப்பெண்களை வண்டி வண்டியாக மேற்கே அழைத்துப் போகும் கதை. உடனே பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: கல்யாணத்துக்குப் பெண்கள் தேவை! பஸ்ஸில் பெண்கள் வந்து இறங்கினார்கள். விருந்து, நடனம் எல்லாம் நடந்தன. நிஜமாகவே பல கல்யாணங்களும் நடந்தன. சினிமாவைப் பார்த்து உருப்பட்டவர்கள் உலகத்திலேயே இவர்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தெருவேல் மாகாணத்து அகுவாவிவா கிராமம் வேறு வழியை யோசித்தது. 2000-இல் அதன் மேயர், சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்களாகப் பார்த்து அர்ஜென்டினாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வரவழைத்தார். பள்ளிக்கூடத்தை மூடவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. "தெருவேலும் இருக்கிறது" என்பதையே பெயராக வைத்து 1999-இல் தொடங்கிய இயக்கமொன்று, 2019 தேர்தலில் மாட்ரிட் பாராளுமன்றத்துக்கே ஆளை அனுப்பியது.

ஆகஸ்டு மாதம் மட்டும் காட்சி மாறிவிடும். நகரத்துக்குப் போன பெண்கள் பேரன் பேத்திகளோடு தாய்வீடு வருவார்கள். பூட்டிய கதவெல்லாம் திறந்து, திருவிழாவும் பாட்டுமாக ஊர் இரைச்சல் தாங்காது. செப்டம்பரில் மறுபடி பூட்டு.

நீங்கள் போக வேண்டிய சமயம் அக்டோபர் கடைசி. குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கலமோச்சாவில் 1963 டிசம்பர் 17-ஆம் தேதி பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி! அக்டோபர் கடைசியில் என்ன விசேஷம் என்றால், குங்குமப்பூ. தெருவேலிலிருந்து தெல்யா வழியாக வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் மிதித்தால், ஹிலோகா நதிப் பள்ளத்தாக்கில் மொன்ரேயால் தெல் காம்போ. நீங்கள் பாலில் ஓர் இழை போட்டுக் கலக்குகிறீர்களே, அது இங்கே விளைகிறது. ஊதாப் பூக்களை விடியற்காலையில் குனிந்து கொய்ய வேண்டும். அன்றைக்கே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைக் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு சல்லடையில் பரப்பி மெல்லிய சூட்டில் வாட்டுவார்கள். எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் பூக்கள் என்றால் விலை ஏன் அப்படி என்று கேட்க மாட்டீர்கள். மேஜையைச் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். பணமுடை வந்தால் விற்கலாம் என்று குங்குமப்பூவைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். குடும்பத்துக்கு அதுவே பாங்கு. பெண்கள் ஊரை விட்டுப் போனதும் அந்த வயல்களும் சுருங்கின. அந்த மேஜையும் சல்லடையும் இப்போது ஊர்க் காட்சிசாலையில் இருக்கின்றன. ஆனாலும் சில குடும்பங்கள் விடாமல் பயிரிடுகின்றன.

கையில் சில எச்சரிக்கைகள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை ஊரே தூங்கும். ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும். மாமிசம் சாப்பிடாதவர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும்; திரும்பின இடமெல்லாம் தொங்குவது பன்றித் தொடை. முட்டைக்கு ஆட்சேபணை இல்லையென்றால் உருளைக்கிழங்கு அடை எங்கும் கிடைக்கும். சதுக்கத்துத் தொட்டியில் தண்ணீர் பிடிக்குமுன் பலகையைப் பாருங்கள். "நோ பொதாப்லே" என்றிருந்தால் குடிக்க உதவாது. ஆட்டுமந்தை குறுக்கிட்டால், காவல் நாய் உங்கள் அளவு இருக்கும்; இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து போங்கள். ஹிலோகாப் பள்ளத்தாக்கில் வடமேற்கிலிருந்து சியெர்ஸோ என்ற காற்று அடிக்கும். போகும்போது அது முகத்தில் அறைந்து உங்களைப் படாதபாடு படுத்தும். மொன்ரேயாலில் இரவு தங்கி, இரண்டு கிராம் குங்குமப்பூ வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டு காலையில் திரும்புங்கள். அப்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தெருவேல் வரை பாதிப் பெடல்தான் உங்கள் பொறுப்பு.