மாற்றுவழியிற் கண்ட நிலாவரை

திருநெல்வேலியிலிருந்து தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக்குக் குடும்பத்துடன் காரிற் புறப்பட்டோம். பலாலி வீதியில் திருத்தவேலை நடந்தமையாற் கிழக்கே திரும்பினோம். புத்தூரை அடுத்த நவக்கிரியில் நிலாவரைக் கிணறு எதிர்ப்பட்டது. பூசைக்குப் பிந்திவிடுவோமே என்ற குறையுடனேயே இறங்கிப் பார்த்தோம்.

மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடு இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது.

“அப்பா, எங்கடை வீட்டுக் கிணறும் இப்பிடியோ?” என்றான் இளைய மகன்.

ஆம், வற்றாத நதியொன்றும் இல்லாத குடாநாட்டை வாழ்விப்பது இந்நன்னீர்ப் படையே. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும்.

சந்நிதியை அடைந்தபோது பூசை முடிந்திருந்தது. மறுநாட் காலை, தொட்டி நிரம்பியதும், மகன் தானே ஓடிச்சென்று நீரிறைக்கும் இயந்திரத்தை நிறுத்தினான்.