ஹாம்ப்ஸ்டெட்டுக்குப் போன தண்ணீர்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் 1948ஆம் ஆண்டு முதல் எழுதிவரும் எல்சாட் தேர்வில், நான்கைந்து வரிகளில் ஒரு வாதத்தைத் தந்து, அதன்கீழ் ஐந்து கூற்றுகளை அடுக்கி, அவற்றுள் எது உண்மையாயின் அவ்வாதத்துக்கு மிகுந்த வலுச் சேர்க்கும் என்று கேட்கும் ஒரு வகை வினா உண்டு. 35 நிமிடங்களில் ஏறத்தாழ 25 வினாக்களுக்கு விடை காண வேண்டியிருப்பதால், ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. ஆயினும் அந்தக் குறுகிய நேரத்துக்குள் கேட்கப்படுவது, அறிவியலாரும் நீதிபதிகளும் ஆண்டுக்கணக்கில் முயன்று தேடும் ஒன்றுதான்.

வாதம் என்பது, சான்றாக முன்வைக்கப்படும் முன்கூற்றுகளும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவே, சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று பெரும்பாலும் இருக்கும்; அதற்கு எடுகோள் என்று பெயர். வலுச் சேர்க்கும் கூற்று என்பது அந்த எடுகோளுக்குத் தாங்கலாக அமைவதேயன்றி, முடிவை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது அன்று. இந்த வேறுபாட்டைக் கவனியாத மாணவர், முடிவையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் கூற்றையோ, வாதிடுபவரின் தகுதியைப் புகழும் கூற்றையோ தேர்ந்துவிடுகின்றனர். இவை எளிதில் விலக்கத்தக்க பிழைகள். முன்னரே உள்ள சான்றோடு அதே வகைச் சான்றை மேலும் கொஞ்சம் சேர்க்கும் கூற்று, வலுவூட்டுவதுபோல் தோன்றினாலும் பெரும்பாலும் எதையும் ஊட்டுவதில்லை என்பதே இவற்றினும் நுட்பமானது. இதற்கான காரணத்தை விளக்க, லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ காலரா பரவும் முறை குறித்து எழுதி, 1855இல் விரிவாக்கி வெளியிட்ட நூலைவிடப் பொருத்தமான பாடநூல் கிடைப்பது அரிது.

1854 ஆகஸ்டு இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா திடீரென மூண்டது. இறப்புகள் பிராட் தெருவிலிருந்த கைப்பம்பைச் சுற்றித் திரண்டிருந்ததைக் கண்ட ஸ்நோ, அந்தப் பம்பின் தண்ணீரே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். இதைத் தேர்வு வினாவாக அமைத்தால், முன்கூற்று பம்பைச் சுற்றிய இறப்புகள். முடிவு பம்பின் தண்ணீர். ஆனால் அக்கால மருத்துவ உலகில் பெரும்பாலோர் நம்பியது நச்சுக்காற்றுக் கொள்கையை, அதாவது அழுகும் பொருள்களிலிருந்து எழும் கெட்ட ஆவியே நோயைப் பரப்புகிறது என்ற கருத்தை. ஓரிடத்துக் காற்று கெட்டிருந்தாலும் இறப்புகள் அவ்விடத்தைச் சுற்றித்தானே திரளும்? எனவே பம்பின் அருகே இன்னும் ஐம்பது பேர் இறந்தார்கள் என்று ஒரு கூற்று சொல்லுமானால், அது ஸ்நோவுக்கு எவ்வளவு துணையோ அவ்வளவே அவருடைய எதிராளிகளுக்கும் துணை. ஒரு கூற்று வலுவூட்டுகிறதா என்பதை அறிய, அது முடிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போதாது. போட்டி விளக்கத்தை அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்நோ இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார் என்பது, அவர் விவரம் தேடிய இடங்களிலிருந்தே தெரிகிறது. முதல் வாரப் பதிவேட்டிலிருந்த 83 இறப்புகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 10 பேரின் வீடுகள் வேறொரு பம்புக்கே அருகில் இருப்பதை அவர் கண்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் பத்தும் அவருடைய வாதத்தைக் குலைப்பவை. அவர் அவற்றை ஒதுக்கிவிடாமல் குடும்பங்களை விசாரித்ததில், ஐந்து வீட்டார் பிராட் தெருத் தண்ணீரே பிடிக்கும் என்பதால் எப்போதும் அங்கிருந்தே வரவழைத்தனர் என்றும், வேறு மூன்று பேர் அந்தப் பம்பின் அருகிலிருந்த பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் என்றும் தெரியவந்தது. இனி, பம்பின் பக்கத்திலேயே இருந்தும் நோய்க்குத் தப்பியோர்: ஏழையர் விடுதி ஒன்றில் தங்கியிருந்த 535 பேரில் இறந்தவர் ஐவரே, அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மது ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளரில் ஒருவரும் இறக்கவில்லை; அவர்களுக்கு ஆலையிலேயே பானம் வழங்கப்பட்டது, ஆலைக்கென ஆழ்கிணறும் இருந்தது. எல்லோரும் சுவாசித்தது ஒரே காற்று.

இவை அனைத்தினும் மேலாக வைத்து எண்ணத்தக்கது, வடக்கே ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்து இறந்த 59 வயதுக் கைம்பெண் ஒருவரின் செய்தி. அவர் பல மாதங்களாகப் பிராட் தெருப் பக்கமே வந்ததில்லை. ஆனால் அங்கிருந்து ஹாம்ப்ஸ்டெட் பக்கம் நாள்தோறும் சென்றுவந்த வண்டி ஒன்றில், அந்தப் பம்பின் தண்ணீரை ஒரு பெரிய பாட்டிலில் வரவழைத்துக் குடிப்பது அவர் வழக்கம். அதன் சுவை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆகஸ்டு 31, வியாழக்கிழமை பிடித்த தண்ணீரை அன்று மாலையும் மறுநாளும் குடித்தவர், வெள்ளி மாலை நோயுற்றுச் சனியன்று இறந்தார். அவரைப் பார்க்க வந்திருந்த உறவுப் பெண்ணும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு, இஸ்லிங்டனில் உயரமானதும் சுகாதாரமானதுமான பகுதியிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்பிக் காலராவால் மாண்டார். அந்த இரண்டு இடங்களிலும் அப்போது காலரா இல்லை. ஏழையர் விடுதியும் மது ஆலையும் சோஹோவின் காற்று இருந்தும் அந்தத் தண்ணீர் இல்லாத இடங்கள் என்றால், ஹாம்ப்ஸ்டெட் அந்தத் தண்ணீர் இருந்தும் சோஹோவின் காற்று இல்லாத இடம். ஒன்றாகவே கலந்து கிடந்த இரு காரணங்களை ஒரு வண்டியும் ஒரு பாட்டிலும் தற்செயலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டன. எந்தத் தேர்விலும் இதைவிடச் செம்மையான விடைக்கூற்று அமைந்திருக்குமா என்பது ஐயமே.

அதே வீட்டில் ஒரு பணிப்பெண்ணும் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தார் என்பதையும், அவர் நோயுறவில்லை, உற்றிருந்தாலும் கடுமையாக இல்லை என்பதையும் ஸ்நோ மறைக்காமல் அதே இடத்தில் எழுதிவைத்திருப்பது போற்றத்தக்கது. பம்பின் அருகே இறந்தவருள் ஆறு பேர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். தம் வாதத்துக்கு வலுவூட்டுவனவற்றை மட்டும் அடுக்குபவரின் நூலை நம்புவதைவிட, இப்படிப்பட்ட நூலை நம்புவது எளிது.

தேர்வுக்கும் ஸ்நோவின் பணிக்கும் உள்ள பெரிய வேறுபாடு “உண்மையாயின்” என்ற நிபந்தனையில் இருக்கிறது. ஐந்து கூற்றுகளும் மெய்யென்றே கொள்ளுமாறு தேர்வு சொல்லிவிடுவதால், எழுதுபவருக்குச் சரிபார்க்கும் சுமை இல்லை. எது பொருத்தம் என்று எடைபோடுவது மட்டுமே அவர் வேலை. இந்தத் திறனைத் தனியே பிரித்துப் பயிற்றுவதில் பயனுண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தகுந்த கூற்று யாரும் எழுதிக்கொடுக்காமல் எங்கோ ஒரு வீட்டில் கிடக்கும்போது, எந்தக் கதவைத் தட்டினால் அது கிடைக்கும் என்று ஊகிக்கும் திறன் வேறு; அதை ஐந்து தெரிவுகளுக்குள் அடக்கிச் சோதிக்க இயலாது.

மேலும், வலுவூட்டும் சான்று எவ்வளவு செம்மையானதாயினும் எல்லோரையும் இணங்கச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. பொதுச் சுகாதார வாரியம் அமைத்த அறிவியல் விசாரணைக் குழு, 1855இல் ஸ்நோவின் கருத்தை ஏற்க மறுத்தது. ஹாம்ப்ஸ்டெட் செய்தி அக்குழுவுக்குத் தெரியாததன்று. காற்றிலுள்ள ஏதோ ஓர் ஆற்றல் அவ்விடத்துத் தண்ணீரின் அசுத்தத்தையும் நஞ்சாக மாற்றியிருக்கலாம் என்று அது விளக்கம் கூறியது. இந்த விளக்கத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. போட்டி விளக்கம் தன்னை விரித்துக்கொண்டு புதிய சான்றையும் உள்ளடக்கிக்கொள்வது அறிவுலகில் என்றும் நடப்பதுதான். அப்போது வாதிடுபவர் செய்யக்கூடியது, விரிந்த அந்த விளக்கத்துக்கும் எட்டாத மற்றொரு சான்றைத் தேடுவதே.

அப்படிப்பட்ட சான்று, ஸ்நோவை மறுக்கப் புறப்பட்டவரிடமிருந்தே வந்தது. பெர்விக் தெருவிலிருந்த தேவாலயத்தின் இளம் உதவிக் குருவான ஹென்றி வைட்ஹெட், விரிவாக விசாரித்தால் பம்புக் கொள்கை பொய்த்துவிடும் என்று நம்பி, தமக்கு நன்கு பழக்கமான அப்பகுதி மக்களிடம் திரும்பத் திரும்பச் சென்று கேட்டார். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை மற்றவர்களுக்கு முன்பே, ஆகஸ்டு 28 அன்று நோயுற்றிருந்ததை 1855இல் அவர் கண்டறிந்தார். அதன் துணிகளை அலசிய நீரைத் தாய் ஊற்றிய கழிவுக்குழியைத் தோண்டிப் பார்த்தபோது, அது கிணற்றிலிருந்து சில அடிகளுக்குள்ளேயே இருந்து, சிதைந்த செங்கற்களின் வழியே கசிந்துகொண்டிருந்தது.

இதோடு இன்னொரு பழைய ஐயமும் தீர்ந்தது. செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டதே நோயை நிறுத்தியது என்ற வாதம் வலுவற்றதாகவே கருதப்பட்டது. அதற்கு முன்பே இறப்புகள் வெகுவாகக் குறைந்துவிட்டிருந்ததை ஸ்நோவும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அக்குழந்தையின் தந்தை நோயுற்றது கைப்பிடி அகற்றப்பட்ட அதே செப்டம்பர் 8ஆம் நாளில்தான். அவருடைய கழிவும் அதே குழிக்கே சென்றிருக்கும் என்றும், பம்பு இயங்கியிருந்தால் சோஹோவில் நோய் இரண்டாம் முறை மூண்டிருக்கக்கூடும் என்றும் வைட்ஹெட் சுட்டிக்காட்டினார்.