ஐம்பது மணித்தியாலக் கணக்கு

என் மேசை இழுப்பறையில் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று கிடக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கு என்று மனைவியும் செய்திக் குறிப்பு என்று நண்பர்களும் நினைத்திருந்தார்கள். இரண்டுமில்லை. என் சைக்கிளின் முன் ஃபோர்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை நாள் மழையில் நனைந்தது, எப்போது கழற்றித் துடைக்கப்பட்டது என்ற விவரங்கள் அதில் உள்ளன. ஐம்பது வயதைக் கடந்த ஒரு பத்திரிகையாளனுக்கு இது என்ன விளையாட்டு என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பின்னால் ஒரு முறிந்த மணிக்கட்டும், நான் எழுதிய ஒரு பாதி உண்மையும் இருக்கின்றன.

2022ஆம் ஆண்டை இந்த நாட்டில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றானது. தோட்டங்களுக்குச் சென்று செய்தி சேகரிப்பவனுக்கு அது எந்த மூலைக்கு? அந்த ஜூலையில் கண்டியில், ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய சைக்கிள்கள் விற்கும் இடமொன்றில் ஒரு மலைச் சைக்கிளை வாங்கினேன். தடித்த டயர், முன்புறத்தில் ‘சொக்’ உள்ள ஃபோர்க். பேராதனையில் படித்த காலத்தில் ஓட்டியபின் அன்றுதான் மறுபடியும் சைக்கிள் மிதித்தேன்.

நாவலப்பிட்டியை அறிந்தவர்களுக்கு இதன் பாதைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மகாவலிக் கரையை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். தொலஸ்பாகைப் பக்கமும் அப்படியே, கினிகத்தேனைப் பக்கமும் அப்படியே. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் தோட்டப் பாதைகளில் தார் கரைந்து கருங்கல் மட்டும் பல்லிளிக்கும். அந்தக் கற்களின்மீது இறங்கும்போது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் அந்த இரண்டு குழாய்களும் ஏறி இறங்குவதைப் பார்த்து, ‘நல்ல மெத்தை’ என்று எண்ணிக்கொண்டேன். அதன் வேலையைப் பற்றி நான் அறிந்திருந்தது அவ்வளவுதான்.

2024 ஜூனில் ஒரு மாலை. ஒரு தோட்டத்தில் கூலிப் பிணக்கு பற்றி விசாரித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். வரிசையாக ஐந்தாறு கல் படிகள்போல் பாதை சிதைந்திருந்தது. கடைசிப் படியைத் தாண்டியதும் குறுக்கே ஒரு கான், அதன் விளிம்பில் ஒரு குழி. முன்சக்கரம் அதில் இறங்கியபோது ஃபோர்க் அசையவில்லை. இரும்புக் கம்பியால் அடித்ததுபோல் ஹாண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு.

எழுதும் கை அது. ஆயினும் இடக்கை ஒற்றை விரலால் தட்டி, அந்தப் பாதையின் நிலைமை பற்றி ஒரு பத்தி எழுதினேன். நோயாளிகளை அதன் வழியேதான் கொண்டுவருகிறார்கள், பிள்ளைகள் அதன் வழியேதான் பாடசாலைக்கு நடக்கிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, ‘இந்தப் பாதை என் கையை முறித்தது’ என்று முடித்திருந்தேன். பத்தி வெளிவந்தது. தோட்டத்திலிருந்து பலர் தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். எனக்கும் மனநிறைவாகவே இருந்தது.

கட்டை அவிழ்த்த பின்னர் சைக்கிளை நகரத்தில் சிறு திருத்தகம் வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலை ஒருமுறை அழுத்தினார். ஃபோர்க் முனகிக்கொண்டே இறங்கியது. கையை எடுத்ததும், முழங்கால் வலிக்காரர் கதிரையிலிருந்து எழுவதுபோல் மெல்ல மெல்ல மேலே வந்தது.

“சேர், இத கடைசியா எப்ப தொறந்தீங்க?”

“தொறக்கணுமா தம்பி?”

அவர் சிரிக்கவில்லை. இடப்பக்கக் குழாயின் மேல்மூடியைக் கழற்றி ஒரு சிறிய பம்பை மாட்டினார். உள்ளே காற்று பாதியளவுகூட இல்லை. வலப்பக்கக் குழாயின் அடியில் இருந்த சிவப்புத் திருகைத் திருப்பிப் பார்த்தார். அது ஒரு கோடிவரை இறுக்கப்பட்டிருந்தது. பிறகு எஞ்சிய காற்றை வெளியேற்றி, அடியில் உள்ள இரண்டு ஆணிகளையும் சில சுற்றுத் தளர்த்தி, றப்பர் சுத்தியலால் தட்டி, கீழ்க்கால்களை உருவினார். எண்ணெய் வரவேண்டிய இடத்திலிருந்து சாயத் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. சீலுக்குள் இருக்கும் பஞ்சு வளையங்கள் காய்ந்து மண்பிடித்திருந்தன. மேல்குழாயின் பின்புறத்தில் பளபளப்பு தேய்ந்து நீளமாக ஒரு கீறல்.

அன்று அவர் விளக்கியதையும் பின்னர் நானே கையேடுகளில் வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபோர்க்கின் உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, அடியை வாங்கிக்கொள்வது. அதைச் செய்வது சுருள்வில், அல்லது என்னுடையதில் உள்ளதுபோல் அடைத்துவைத்த காற்று. மற்றது, வாங்கிய அடி திரும்பி உதைக்காமல் தணிப்பது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது அந்தச் சக்தி வெப்பமாகிப் போய்விடுகிறது. சிவப்புத் திருகு, திரும்பி எழும் வேகத்துக்குரியது. அது அளவுக்கு மீறி இறுகியிருந்தால், முதற்கல்லில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் இரண்டாம் கல் வந்துவிடும். மூன்றாவதில் இன்னும் தாழும். என் ஃபோர்க்கில் காற்றும் குறைவு, உராய்வும் அதிகம், எழும் வேகமும் மந்தம். அந்தக் கல் படிகளைத் தாண்டி முடிந்தபோது அது ஏற்கெனவே அடிமட்டத்தில் கிடந்தது. குழி வந்தபோது இறங்குவதற்கு இடமில்லை. மெத்தை என்று நான் நினைத்தது வெறும் இரும்பாகியிருந்தது.

குண்டும் குழியும் பாதையுடையவை. ஆனால் அந்தக் குழியில் விழாமல் தாண்டுவதற்கென்றே செய்யப்பட்ட கருவியை இரண்டு வருடம் திரும்பிப் பாராதவன் நான்.

என் தந்தையார் இங்கே புகையிரத எஞ்சின் கொட்டகையில் பிற்றராக இருந்தவர். 1874இல் இந்த ஊருக்குப் புகையிரதம் வந்தது. இங்கிருந்துதான் பட்டிப்பொலைவரை, 6,226 அடிக்குச் செல்லும் பெரிய ஏற்றம் தொடங்குகிறது. எஞ்சின்களின் அடியில் இருக்கும் பட்டைவில்களை அவர் காட்டியது நினைவிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருக்குப் பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உராய்ந்து, தம் துள்ளலைத் தாமே அடக்கிக்கொள்ளும். “சத்தம் போடுற எஞ்சினுக்குப் பயப்படாத. சத்தமில்லாம தேயுறதப் பாரு” என்பார். அவரிடமும் ஒரு கொப்பி இருந்தது. எந்த எஞ்சினில் எதை, எந்தத் திகதியில் பார்த்தார் என்று ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதிவைப்பார். அவருடைய மகன் கலைப்பட்டம் பெற்றுக் கட்டுரை எழுதப் போய்விட்டான்.

குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும் ஃபோர்க் முதலில் மோட்டார் சைக்கிளுக்கு உரியது. எண்ணெய்த் தணிப்புடன் அதை 1935இல் பி.எம்.டபிள்யூ. தன் தயாரிப்பில் பொருத்தியது. மலைச் சைக்கிளுக்கு அதைச் சந்தைப் பொருளாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான போல் டேர்னர். அவருடைய ரொக்‌ஷொக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க் 1989இல் வந்தது. அடுத்த ஆண்டு கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகச் சம்பியன் போட்டியில், இறக்க ஓட்டத்தில் வென்ற கிரெக் ஹெர்போல்ட் அந்த நிறுவனத்தின் ஃபோர்க்குடன் ஓடினார். அதுவரை இதைத் தேவையற்ற பாரம் என்று ஏளனம் செய்தவர்கள் பலர். சொகுசுக்காக அல்ல, டயர் நிலத்தை விட்டு எழாமல் இருப்பதற்காகவே இது என்பது அதன்பின் மெல்லப் புரிந்தது. டயர் நிலத்தில் இருந்தால்தான் பிறேக் பிடிக்கும், திருப்பினால் திரும்பும்.

இனி, இவ்வகைச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காகச் சில விவரங்கள். முதலில் காற்று. நாம் ஏறி அமர்ந்ததும் ஃபோர்க் சற்று இறங்கவேண்டும். இதை ‘ஸாக்’ என்பார்கள். என்னுடையதன் மொத்த ஓட்டம் 100 மில்லிமீற்றர். அதில் 20 மில்லிமீற்றர் இறங்குவது எனக்குப் பொருத்தம். இன்னும் கரடான பாதைகளுக்கான நீண்ட ஃபோர்க்குகளில் கால்பங்கு, அதற்குச் சற்று மேலும் விடுவார்கள். வழக்கமான உடையோடும் தோள்பையோடும் ஏறவேண்டும். மனைவி சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, குழாயில் உள்ள சிறு றப்பர் வளையத்தைச் சீல்வரை தள்ளிவிட்டு மெதுவாக அமர்ந்து, குலுக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அடிமட்டத்தால் அளக்கவேண்டும். வளையம் இல்லாவிட்டால் நூல்போன்ற ஒரு றப்பர் நாடா போதும். டயர் பம்ப் இதற்கு உதவாது. ஃபோர்க்குக்கென்று உள்ள சிறிய பம்பே வேண்டும். உள்ளே இடம் சிறிது, அழுத்தம் பெரிது.

பிறகு சிவப்புத் திருகு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எத்தனை சொடுக்கு என்று எண்ணி, நடுவில் நிறுத்துங்கள். நடைபாதை விளிம்பிலிருந்து அமர்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. குதிரைபோல் ஆடினால் ஒரு சொடுக்கு இறுக்குங்கள். சோம்பலாக எழுந்தால் தளர்த்துங்கள். காற்றைக் கூட்டினால் உதைப்பும் கூடும். ஆகவே காற்றை மாற்றும்போதெல்லாம் இதையும் மறுபடி பார்க்கவேண்டும்.

பராமரிப்புத்தான் என்னைப் போன்றவர்கள் சறுக்கும் இடம். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் மேல்குழாய்களையும் சீல் விளிம்பையும் மென்துணியால் துடைக்கவேண்டும். வேகமான நீர்த்தாரையை அங்கே அடிக்கக்கூடாது. மண்ணை அது வெளியேற்றாது, உள்ளே தள்ளும். “மோட்டார் சைக்கிளுக்கு போடுற கிறீஸ் வேணாம் சேர், சீல் ஊதிப் போயிரும்” என்றார் இளைஞர். ரொக்‌ஷொக்ஸ் கையேடுகள் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்ற 50 மணித்தியாலம் என்கின்றன. நம் மழைக்கும் சேற்றுக்கும் அதற்கு முன்னரே திறப்பது நல்லது. பஞ்சு வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து, கையேடு சொல்லும் சில மில்லிலீற்றர் எண்ணெயை ஊசிக்குழலால் அளந்து ஊற்றி, அடி ஆணிகளைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கவேண்டும். திறக்குமுன் காற்றை முழுதாக வெளியேற்ற மறக்கக்கூடாது.

அன்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வாரத்துக்கு 6 மணித்தியாலம், ஏறத்தாழ 100 வாரம். 600 மணித்தியாலம். பன்னிரண்டு முறை திறந்திருக்கவேண்டும். ஒருமுறையும் திறக்கவில்லை.

இரவெல்லாம் யோசித்தேன். எத்தனையோ அலுவலகங்களின் அலட்சியத்தைப் பற்றி எழுதியவன் நான். அடுத்த பத்தியில் விடயத்தைச் சொன்னேன்: பாதை பழுதுதான், ஆனால் என் கை முறிந்ததற்கு என் அலட்சியமும் காரணம். ஆசிரியபீடத்து நண்பர் ஒருவர், இது தேவையா என்று கேட்டார். தேவை என்றுதான் எனக்குப் பட்டது.

ஆனால் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனபோது, லயத்து வாசலில் நின்ற ஒரு அம்மா கேட்டார்: “அப்ப ரோட்டு மேல குத்தமில்லனு எழுதிட்டீங்களாய்யா? இனி யாரு வந்து போடப்போறா?”

அப்படி எழுதவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். நான் எழுதியது அவருக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் பத்தியில் என் கையைக் கொண்டுவராமல் அவர்களுடைய நடையை மட்டும் எழுதியிருந்தால், இரண்டாவதற்கு அவசியமே வந்திராது. அதன்பின் அந்தப் பாதையைப் பற்றி மூன்று முறை எழுதிவிட்டேன். என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல். மேல்பகுதியில் கொஞ்சத் தூரத்துக்குக் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள். கானும் குழியும் அப்படியே இருக்கின்றன.

கீறல் விழுந்த குழாயை மாற்ற வசதிப்படவில்லை. இளைஞர் மெல்லிய தாளால் அதன் கூர்மையை மட்டும் நீக்கித் தந்தார். அதன் வழியே எண்ணெய் சிறிது கசிகிறது. அதனால் நான் ஐம்பது வரை காத்திருப்பதில்லை, நாற்பதிலேயே திறந்துவிடுகிறேன்.

கொப்பியின்படி இன்று 37. மூன்று நாள் மழை. நாளை அந்தத் தோட்டத்துக்கு ஏறவேண்டியிருக்கிறது. இறங்கி வந்ததும் ஆணிகளைத் தளர்த்தவேண்டும்.