கம்பெனி கொடுத்த நிறம்

இந்தியாவை வண்ணத்தில்தான் பார்க்க வேண்டும் என்று வாதிட்டவர் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளக்கரையில் தை அமாவாசையன்று நின்றால் நானும் அவர் கட்சிதான். அந்தப் புடவைகளையும் பூக்கூடைகளையும் சாம்பலாக்க மனம் வராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கட்சி மாறிவிடுகிறேன். அங்கே தெருவில் நடமாடும் நிறங்களில் பாதி கம்பெனி கொடுத்தவை. நீலச் சீருடை, தொழிலாளிக்கு மஞ்சள் ஹெல்மெட், இன்ஜினியருக்குப் பெரும்பாலும் வெள்ளை. ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு முண்டுகிற கூட்டத்தை வண்ணத்தில் எடுத்தால், பார்க்கிறவர் கண் முதலில் பதவியைப் படித்துவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் மஞ்சளும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே வெளிர் சாம்பல். அப்புறம் ஆளை அடையாளம் காட்டுவது நடையும் தோளும் முகமும்தான்.

முகம் தெரிய வேண்டுமே! கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் உச்சிவெயில் வானம் இருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். கறுத்த முகம் இருட்டில் மூழ்கும். அதனால் என் புறங்கையை அதே வெயிலில் நீட்டி அளக்கிறேன். அவர்கள் நிறம்தான் என் நிறமும். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸ் 3 மீட்டரில். சுமார் 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும். இனித் திருக எதுவுமில்லை, ஆட்களைப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டரில் இன்னொரு சபலம் காத்திருக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பையும் ஆரஞ்சையும் ஏற்றினால் தோல் நொடியில் வெளுக்கும். ஃபேர்னஸ் கிரீம் செய்கிற வேலை அது. நான் தொடுவதில்லை.

பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் கேமரா திரையில் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துவிட்டு, “கலர் வாலா பேஜ்னா, பையா” என்கிறார்கள். கலர் படம்தான் வேண்டுமாம், வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்ப. ரா ஃபைலாக எடுப்பதால் வண்ணம் அப்படியே இருக்கிறது, அனுப்பிவிடுகிறேன். கம்பெனி நிறத்தை உரித்துப் பார்ப்பது என் விருப்பம். வேலை கிடைத்ததற்குச் சாட்சியாக அந்த மஞ்சள் ஹெல்மெட்டை அம்மாவுக்குக் காட்ட ஒரு பையன் ஆசைப்பட்டால், அதைச் சாம்பலாக்கிக் கொடுக்க நான் யார்?