எண் சொன்ன உறவு

இன்னார் மகன் இன்னார் என்று தந்தையின் பெயரோடு சேர்த்தே ஒருவரை அறிந்து பழகியவர்கள் நாம். அறபு மொழியில் குடிவழி ஆய்வு 'இல்முல் அன்ஸாப்' என்னும் தனித்துறையாகவே வளர்ந்தது. ஸ்பெயின் நாட்டுப் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் போன்றோர் அத்துறையில் பெருநூல்கள் யாத்தனர். ஆயினும், குடிவழியைக் கற்பது பெருமை பேசுவதற்கன்று, உறவினரை இனங்கண்டு ஆதரிப்பதற்கே என்று எங்கள் உஸ்தாது அடிக்கடி சொல்வார். மதரஸாவில் கேட்ட அந்தப் பாடத்தின் ஆழம் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே எனக்கு விளங்கியது.

இலண்டனில் வாழும் என் தம்பி, குடிவழி ஆராயும் இணையத்தளம் ஒன்றிற்குத் தன் உமிழ்நீரை அனுப்பி மரபணுவைச் சோதித்துக்கொண்டான். சில மாதங்களில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து அம்மையார் ஒருவர் அவனுக்கு நெருங்கிய உறவினர் என்று அத்தளம் அறிவித்தது. அவர் எனக்கு எழுதிய மடலுடன் ஒரு கப்பல் ஏட்டின் படியும் வந்தது.

1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றை ஏட்டில் பதிந்தனர். அம்மையார் அனுப்பிய படியில் 'சேலம் ஜில்லா' என்றும், அதன்கீழ் எங்கள் ஊர்ப் பெயர் சிதைந்த எழுத்திலும் காணப்பட்டன. என் பூட்டனாரின் தம்பி, அவர் மனைவி, கைக்குழந்தை என மூவர் பெயரும் இருந்தன. கடல் கடந்து போனவர்கள் திரும்பவில்லை என்று எங்கள் இல்லத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டவர்கள் அவர்களே.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இருவருக்கும் பூட்டனார் ஒருவராக இருக்கலாம் என்று அத்தளம் கணித்திருந்தது. ஏட்டின்படியோ, பூட்டனாரின் பெற்றோரே பொதுவானவர். உடனே உறவினர் சிலர் காதோடு காதாகப் பேசத் தொடங்கினர். கப்பலேறிய அந்தக் குழந்தை தம்பியின் பிள்ளையன்று, ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனின் பிள்ளை என்றனர்! மண்ணுக்குள் போய் நெடுங்காலமான ஒரு பெண்ணின் மானத்தை ஓர் எண் தீண்டிவிட்டது. சாட்சியின்றிக் கற்பின்மீது பழி சுமத்துவது நம் மார்க்கத்தில் எத்துணைப் பெருங்குற்றம் என்பதை நானோ மாணவர்க்குக் கற்பிப்பவன். வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

அத்தளத்தின் கணக்கு முறையைப் படித்தறிந்தேன். பூட்டனாரும் பூட்டியாரும் பொதுவானால் மரபணுவில் சராசரியாக 32-இல் ஒரு பங்கு ஒத்திருக்கும். அதற்கும் முந்திய தலைமுறையினர் பொதுவானால் 128-இல் ஒரு பங்கே ஒத்திருக்கும். ஆனால் இக்கணக்கு, உறவுக்குள் மணம் செய்யாத குடும்பங்களுக்கு உரியது. நம் பக்கத்து வழக்கமோ வேறு. எங்கள் பெரியம்மா திண்ணையில் அமர்ந்து நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரோடும் ஒப்பிட்டேன். எங்கள் பாட்டனார் மணந்தது தம் அத்தை மகளை. எங்கள் அத்தா மணந்ததும் தம் அத்தை மகளையே. ஆகவே, பூட்டனாரின் பெற்றோர் எங்கள் குடிவழியில் ஓரிடத்தில் அல்ல, மூன்றிடங்களில் வருகின்றனர். 128-இல் ஒன்று, மூன்றாகிவிட்டது. கப்பலேறிய பெண்ணும் தம் கணவருக்கு அத்தை மகளே. அவ்வழியிலும் சிறிது கூடும். 32-இல் ஒன்று என்பது 128-இல் நான்குதானே! எண்ணில் பிழையில்லை; அதை வாசித்தவர்களிடமே பிழை இருந்தது.

அன்றியும், மணவாழ்வில் பிறந்த பிள்ளை கணவருக்கே உரியது என்பது ஃபிக்ஹுச் சட்டத்தின் தெளிவான முடிவு. நஸபு என்பது இரத்தத்தின் விழுக்காடு அன்று.

இத்துறையில் இறங்க விரும்பும் அன்பர்க்குச் சில சொல்வேன். ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்குமுன், அதில் எத்தகைய மூல ஏடு உள்ளது என்று கேளுங்கள். 1894-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு கிறிஸ்தவத் திருச்சபையினர் நிறுவிய சங்கத்தின் வழிவந்த 'ஃபேமிலிசெர்ச்' கட்டணம் வாங்குவதில்லை. 'ஆன்செஸ்ட்ரி' போன்றவை கட்டணம் பெறுபவை. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா அலுவலகத்தின் திருமுழுக்கு, திருமணப் பதிவுகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்களைப் பற்றியவை. நம்மவர் பெயரை அங்கே தேடுவது வீண். பழைய ஏட்டில் 'சேலம் ஜில்லா' என்றிருந்தால் இன்றைய சேலத்தோடு நின்றுவிடாதீர்கள். 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் அதிலிருந்து பிரிந்தன. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பிறர் வரைந்து வைத்த குடிவழி மரத்தை ஆதாரமின்றி ஏற்காதீர்கள். அறபுப் பெருங்குடி ஒன்றோடு நம்மை இணைத்துக் காட்டுவதாயின் இருமடங்கு ஐயுறுங்கள்.

உமிழ்நீர் அனுப்புவோர் இன்னொன்றையும் எண்ணவேண்டும். அது ஒருவருடைய உடைமை மட்டுமன்று; உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரின் அமானிதமும் ஆகும். '23அண்ட்மீ' என்னும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் மனுவே தாக்கல் செய்தது. வீட்டாரைக் கலந்து, வெளிப்படக்கூடிய உண்மையைத் தாங்கும் மனம் உண்டா என்று கேட்ட பின்னரே அனுப்புதல் நலம்.

இவ்வாண்டு அந்த அம்மையார் எங்கள் ஊருக்கு வந்தார். தமிழில் சில சொற்களே அறிந்திருந்தார். பெரியம்மா அவர் கையைப் பற்றித் தம் அருகே அமர்த்திக்கொண்டார், எண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, "உன் பூட்டிக்கு அங்கே கபர் இருக்கிறதா? யாராவது போய் ஓதுகிறீர்களா?" என்றுதான் கேட்டார். "வெள்ளிதோறும்" என்ற விடை கேட்டுக் கண் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவு நான் வரைந்திருந்த குடிவழித் தாளை எடுத்தேன். பூட்டனாரின் தம்பி பெயரோடு முறிந்து நின்ற கிளையில், அவர் மனைவியின் பெயரை அருகே எழுதினேன். அவர்களுக்குக் கீழே, அம்மையார் சொல்லச் சொல்ல, மூன்று தலைமுறையினரின் பெயர்களையும் எழுதி முடித்தேன்.