வாளில்லாத வார்

என் அக்கா சப்-இன்ஸ்பெக்டர். டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றமாட்டாள், முதலில் பெல்ட்டைக் கழற்றுவாள். வலது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அவளுக்குத் தோல் கறுத்துத் தடித்துப்போயிருக்கிறது. பிஸ்டல் உறையின் பின்பக்கம் வருடக்கணக்கில் அதே இடத்தில் உரசி உண்டாக்கிய காய்ப்பு அது. பந்தோபஸ்து நாட்களில் அன்றைக்குப் பிஸ்டலும் உண்டென்றால், இரவு சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் சாப்பிடுவாள். குண்டு நிரப்பிய ஒன்பது எம்.எம். பிஸ்டல் ஒரு கிலோவைத் தாண்டும். கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு அது ஒரு எடையே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒரே பக்க இடுப்பில் தொங்கவிடுகிறவருக்குத்தான் அதன் எடை தெரியும்.

குடியரசு தின அணிவகுப்புக்கு முந்தின நாள் கிராஸ் பெல்ட்டுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "டேய், தோள் மேல இவ்வளவு நீளமா ஒரு வார் போடுறோமே, அது வெயிட்டத் தாங்கத்தானே? அப்புறம் ஏன் எல்லாத்தையும் இடுப்பே தாங்குது?"

பெல்ட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். அரக்கு நிறத்தில் அகலமான இடுப்பு வார், இரட்டை முள் வைத்த பித்தளை பக்கிள். அங்கங்கே பித்தளை வளையங்கள். தோள் வார் மெலிதாக இருந்தது. அது வலது தோளின் மேலேறி, மார்பைக் குறுக்கே கடந்து இடது இடுப்பின் முன்பக்க வளையத்தில் வந்து சேர்கிறது. முதுகுப் பக்கமும் அப்படியே, இடது இடுப்பின் பின்பக்க வளையத்தில். அதாவது அந்த வார் தூக்கிப் பிடிப்பது இடது இடுப்பை. அக்காவின் பிஸ்டல் தொங்குவது வலது இடுப்பில். இடது பக்கம் அந்த வளையங்களுக்கு நடுவே தொங்குவதற்கு எதுவுமே இல்லை.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று தேடத் தொடங்கியது அன்றுதான்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "கம்பீரத்துக்குத்தான் தம்பி. ஆபீசர் யாருன்னு தூரத்துலேயே தெரியணும்ல" என்றார். இன்றைய நிலைக்கு அது சரியான பதில். ஆனால் வெறும் கம்பீரத்துக்காக யாரும் இத்தனை உறுதியான வளையங்களைத் தைத்திருக்க மாட்டார்கள். கிளம்பும்போது அவர் சொன்ன இன்னொரு சொல் உதவியது: "எங்க காலத்துல அதை சாம் பிரவுன்னுதான் சொல்லுவோம்."

கன்னிமாரா நூலகத்தில் பழைய ராணுவ வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டியதில் அந்தப் பெயருக்குரியவர் கிடைத்தார். சாமுவேல் ஜேம்ஸ் பிரவுன், 1824-இல் கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் இருந்தவர். 1849-இல் லாகூரில் பஞ்சாப் குதிரைப்படையின் இரண்டாம் பிரிவைத் திரட்டியவர் இந்த பிரவுன்தான். 1858 ஆகஸ்ட் 31 அன்று, இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிலிபித் பக்கம் உள்ள சிர்பூரா என்ற இடத்தில், சிப்பாய்க் கிளர்ச்சிப் படையின் நிலையை அவருடைய படை தாக்கியது. முன்னேறி வந்த கம்பெனிக் காலாட்களை நோக்கி ஒரு பீரங்கி குண்டு நிரப்பிக்கொண்டிருந்தது. பிரவுன் ஒரே ஒரு சவாரை, அதாவது குதிரைவீரரை, மட்டும் கூட்டிக்கொண்டு அந்தப் பீரங்கியின் மேல் பாய்ந்தார். இடது முழங்காலில் ஒரு வாள்வெட்டு விழுந்தது. அடுத்த வெட்டு இடது கையைத் தோளோடு துண்டித்தது. அந்தச் செயலுக்காக 1861-இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

பதக்கக் குறிப்பில் எல்லா விவரமும் இருக்கிறது, அந்த வெட்டை வெட்டியவரின் பெயர் மட்டும் இல்லை. பீரங்கியைச் சுற்றி நின்று போரிட்டவர்கள் அந்த மண்ணின் ஆட்கள். அவர்களில் ஒருவர் ஓங்கிய வாள்தான் இன்று நம் ராணுவ, காவல் அதிகாரிகள் மார்பில் அணிகிற வாருக்கு முதற்காரணம். அந்த ஆளின் ஊரோ பேரோ ஒரு வரியாவது பதிவாகியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு கை போனவருக்கு அதன் பிறகு வந்த சிக்கல் என்ன என்று புரிய, அன்றைய வாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாளின் உறை இடுப்பில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்காது, தொங்கி ஆடிக்கொண்டிருக்கும். நடந்தால் காலில் இடிக்கும், குதிரை ஓடினால் பின்னால் வீசும். வாளை உருவ வேண்டுமென்றால் இடது கையால் உறையின் வாயைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வலது கையால் இழுக்க வேண்டும். இடது கை இல்லாதவர் இழுத்தால் வாளோடு உறையும் சேர்ந்து வரும். போர்க்களத்தில் அந்த ஒரு நொடித் தடுமாற்றம் போதும்.

பிரவுன் இதற்குக் கண்ட வழி மிக நேரானது. அகலமும் கனமுமான ஒரு தோல் பெல்ட்டை இடுப்பில் இறுகக் கட்டினார். அதன் இடது பக்கம் வாளுறையை ஆடாமல் பொருத்தினார். வாளின் எடை பெல்ட்டை ஒரு பக்கமாக இழுத்துச் சாய்க்காமலிருக்க, எதிர்த்தோளிலிருந்து ஒரு வாரை இறக்கி அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். இடுப்பில் குடம் வைத்து நடப்பவர்கள் எதிர்ப்பக்கம் உடம்பை ஒடித்துக்கொள்வார்களே, அந்த ஒடிசலை உடம்பிடமிருந்து வாங்கித் தோலிடம் கொடுத்துவிட்டார். விட்டுப்போன கையின் வேலையை பெல்ட் செய்தது.

கைத்துப்பாக்கி இந்தக் கதைக்குள் வந்தது வேறு வழியில். அதுவரை பெரிய கைத்துப்பாக்கிகளைக் குதிரைதான் சுமந்தது, மனிதன் சுமக்கவில்லை. சேணத்தின் முன்புறம் இருபக்கமும் தொங்கும் உறைகளில் ஆளுக்கு ஒரு ஜோடி இருக்கும். 1847-இல் வந்த கோல்ட் வாக்கர் ரிவால்வர் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாளைக் கழிக்க முடியாது. குதிரை விழுந்தாலோ மிரண்டு ஓடினாலோ துப்பாக்கியும் அதோடு போனது. 1851-இல் கோல்ட் நேவி போன்ற, ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கிய ரிவால்வர்கள் வந்த பிறகுதான் ஆயுதம் சேணத்தை விட்டு ஆளின் மேல் நிரந்தரமாக ஏறியது. ஏறியதும் முதல் கேள்வி, எங்கே வைப்பது? பிரவுனின் பெல்ட்டில் வாள் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டதால், மூடி போட்ட உறையில் ரிவால்வர் வலது பக்கம் போனது.

மற்ற குதிரைப்படை அதிகாரிகள் அந்த பெல்ட்டின் வசதியைப் பார்த்துத் தாங்களும் தைத்துக்கொண்டார்கள். போயர் போருக்குள் அது பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் பரவி, 1900 வாக்கில் முறையான சீருடையிலும் சேர்ந்தது. மறு ஆண்டு பிரவுன் இறந்தார்.

நான் தேடிய விடை இதற்குள்தான் இருந்தது. அந்தக் காலத்து பெல்ட்டில் இரண்டு தோள்வார்கள் கொண்ட வடிவமும் புழக்கத்தில் இருந்திருக்கிறது. வலது தோளிலிருந்து வருவது வாளுக்கு. இடது தோளிலிருந்து வருவது வலது பக்க ரிவால்வருக்கு. இரண்டும் முதுகில் குறுக்கே வெட்டிக்கொள்ளும். பிறகு வாள் போர்க்களத்தை விட்டு விலகி, அணிவகுப்புக்கு மட்டும் என்றாகிவிட்டது. அப்போது வாளின் வார் நிலைத்துவிட்டது, துப்பாக்கியின் வார் உதிர்ந்துவிட்டது. அக்காவின் மார்பில் கிடப்பது வாளின் வார். அவளுக்கு உதவியிருக்கக்கூடிய வார் சீருடையிலேயே இல்லை.

அமெரிக்காவுக்கு இந்த பெல்ட் முதல் உலகப் போரில், பிரான்சுக்கு வந்த ஜெனரல் பெர்ஷிங்கின் படை அதிகாரிகள் வழியே போனது. 1921-இல் அந்நாட்டு ராணுவம் முறைப்படி ஏற்றுக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைவிட்டது. அங்கே போலீசிலும் பல ஊர்களில் தோள் வாரை எடுத்துவிட்டார்கள், கைகலப்பில் எதிராளி பிடித்து இழுக்க அது வசதியாக இருந்ததால். ஆனால் இரண்டேகால் அங்குல இடுப்பு பெல்ட்டை மட்டும் இன்றும் சாம் பிரவுன் என்றே அழைக்கிறார்கள். அதன் மேல் விலங்கு, வாக்கி-டாக்கி, டார்ச், மிளகுத் தெளிப்பான் என்று ஏற்றிக்கொண்டே போய், இடுப்புவலி ஒரு தொழில்நோயாகி, இப்போது சில இடங்களில் சுமையைப் பிரித்து மார்புச் சட்டைக்கு மாற்றுகிறார்கள். பிரவுன் கண்ட அதே வழி: எடையைத் தோளுக்கு ஏற்று.

வரலாறு தெரிந்தால் அக்காவின் காய்ப்பு ஆறிவிடுமா? பெரியமேட்டில் போலீஸ் பெல்ட்டும் உறையும் தைக்கும் ஒரு பாயைத் தேடிப் போனோம். குறுகலான கடை. வாசலிலேயே பதனிட்ட தோலின் வாசம். அவர் உறையைத் தொடவேயில்லை. பெல்ட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். இரு முனையையும் பிடித்துப் படுக்கை வசத்தில் நீட்டினார், நடுவில் தொங்கிச் சுருண்டது.

"உறை நல்ல உறைதாம்மா. பெல்ட்டுதான் செத்துப்போச்சு. எடை வந்தா பெல்ட்டு மடங்குது, மடங்குனா உறை வெளிய சாயுது, சாஞ்சா கீழ் விளிம்பு எலும்புல குத்துது. எல்லாரும் உறையை மாத்திக்கிட்டே இருப்பாங்க."

உறையின் பின்னால் பெல்ட் நுழையும் துளையைக் காட்டினார். பெல்ட்டைவிட அது ஒரு விரல் அகலம் கூடுதல். அந்த இடைவெளியில்தான் உறை ஒவ்வொரு அடிக்கும் ஆடுகிறது. துளையும் பெல்ட்டும் ஒரே அளவு இருக்க வேண்டும், பெல்ட் இரண்டு அடுக்காக ஒட்டித் தைத்ததாக இருக்க வேண்டும், உள்ளே போடும் பேன்ட் பெல்ட்டோடு வெளி பெல்ட்டைச் சின்னப் பட்டிகளால் நாலு இடத்தில் கட்டிவிட வேண்டும். இதெல்லாம் செய்தால் எடை இடுப்பைச் சுற்றிப் பரவும், ஒரே புள்ளியில் உட்காராது.

தோலைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. உறைக்குப் பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டுமாம். நனைத்து, பிஸ்டல் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையின் மேல் வைத்து விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் கொடுத்துக் காயவிட்டால், அந்த வடிவத்திலேயே கெட்டிப்பட்டு நிற்கும். குரோம் போட்ட தோல் மெத்தென்று இருக்குமே தவிர வடிவம் நிற்காது. மரக்கட்டையை என் கையில் கொடுத்தார். விசைக் காப்பு வளையத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்திருந்தது. அந்த இடம்தான் முக்கியம் என்றார். உறையின் தோல் விசையை முழுக்க மூடி, அந்த வளையத்தில் கவ்விக்கொள்ள வேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் பிஸ்டல் நழுவக் கூடாது.

பட்டைப் பதனிடுதல் நம் பக்கத்துக் கைவேலைதான். ஆவாரம் பட்டையில் ஊறவைத்த சென்னை மாகாணத் தோல் ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் தனிப் பெயரோடு விற்றது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுகளின் மேல்தோலுக்காக அரசே அதை மொத்தமாக வாங்கியது. குரோம் முறையும் வந்து, ஒரு தொழிற்சாலையின் பெயரே குரோம்பேட்டை என்று ஊர்ப்பெயராகிவிட்டது. பாயின் தாத்தா வாணியம்பாடியில் ஆவாரம் பட்டைத் தொட்டியில் நின்றவராம்.

அக்காவின் இடுப்பளவை எடுத்தபோது அவர் இன்னொன்றும் கவனித்தார். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பெண்களுக்குப் பெரும்பாலும் இடம் குறைவு, இடுப்பு அகலம் அதிகம். ஆண் உடம்புக்கு வெட்டிய உறையைக் கட்டினால் அதன் கீழ்முனை வெளியே தள்ளப்பட்டு, பிஸ்டலின் கைப்பிடி விலாவைப் பார்த்துச் சாயும். தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் ஆயிரம் விளக்கில் திறந்தாயிற்று. இத்தனை பெண்கள் சீருடை அணிந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் அவர்கள் உடம்புக்கென்று ஒரு வெட்டு பரவலாகக் கிடைப்பதில்லை என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஒரு கை போன ஓர் அதிகாரி தனக்கென்று மாற்றி வடித்த பெல்ட்டை ஒரு ராணுவமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாதி மனித இனத்தின் இடுப்புக்காக ஓர் அங்குலம் இறக்கித் தைப்பது என்ன பெரிய காரியம்?

பாய் இறக்கித் தைத்தார். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு அக்கா அதைக் கட்டத் தொடங்கியிருக்கிறாள். பெல்ட்டுக்குக் கீழே ஓர் அங்குலம் தாழ்ந்து, உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி நிற்கிறது உறை. கைப்பிடி இப்போது விலாவைத் தொடுவதில்லை. நிற்கும்போதும் நடக்கும்போதும் பழைய குத்தல் இல்லை என்கிறாள்.

ஜீப்பில் உட்காரும்போது மட்டும் புதுத் தொல்லை. முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தால் சீட் பெல்ட்டின் கொக்கி வலது இடுப்போரமாகத்தான் இருக்கிறது, தாழ்ந்த உறை அதில் நேராகப் போய் இடிக்கிறது. கொக்கியை மாட்டவும் முடியவில்லை, அவசரத்துக்கு இறங்கவும் முடியவில்லை. பாயிடம் போனில் சொன்னேன். அளவை வாயால் சொன்னால் ஆகாது, மேடம் பிஸ்டலைக் கட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தான் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஜீப்பைக் கடை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.