களஞ்சியத்தில் உறங்கும் வண்டி வீடுகள்

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலே, ஹம்பர் கழிமுகத்தின் வடபால் அமைந்த ஹல் துறைமுக நகரை விட்டு வடக்கு நோக்கிப் புறப்படுவோர், பெவர்லி என்னும் பழம்பதியைக் கடந்து சிறிது தூரம் மேற்கே திரும்பினால், நிலம் மெல்ல மெல்ல மேலெழுவதை உணர்வர். அதுவே யோர்க்ஷயர் வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக்கல் மேட்டுநிலம். ஹம்பர் கரையில் தொடங்கிப் பிறைபோல் வளைந்து சென்று, பிளம்பறோ முனையில் வெண்பாறைகளாய் வடகடலில் இறங்குகின்றது. இதன் மிக உயர்ந்த இடமும் 246 மீற்றரளவே. நுவரெலியா சென்று வந்தவர்க்கு இதனை மலையென்று சொல்ல நா எழாது. ஆயினும் யாழ்ப்பாணத்தார்க்கு இந்நிலத்தோடு ஓர் உறவு உண்டு. பெய்யும் மழையெல்லாம் கல்லினூடே இறங்கிவிட, இங்குள்ள பள்ளத்தாக்குகளிற் பெரும்பாலானவை ஆறின்றி வறண்டு கிடக்கின்றன. ஆறில்லாச் சுண்ணக்கல் நாட்டிற் பிறந்தவர்க்கு இஃது அந்நியமான காட்சியன்று.

2024ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் நாம் அங்குச் சென்றபோது, கோதுமை அறுவடை முடிந்து வயல்கள் மறுபடியும் உழப்பட்டிருந்தன. உழுத மண்ணில் வெண்கற்கள் அரிசி சிந்தியதுபோற் கிடந்தன. நேரிய தெருக்கள், இருமருங்கும் அகன்ற புல்வரம்பு, அப்பால் முள்வேலி. டேவிட் ஹொக்னி என்னும் பேர்பெற்ற ஓவியர் 2011இல் இளவேனிலின் வருகையை வரைந்த வோல்ட்கேற் வீதியும் இந்நாட்டிலேதான் உள்ளது. எங்கு நின்றாலும் பல கல் தொலைவு கண்ணுக்குத் தெரிகின்றது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போகும் வழக்கிற்கு இதுவே உயிர்நிலை.

இந்நிலம் ஒரே தொழிலில் நிலைத்து நின்றதன்று. வாரம் பேர்சி என்னும் இடத்தில் கூரையிழந்த தேவாலயம் ஒன்று தனித்து நிற்கின்றது. அதனைச் சூழ்ந்திருந்த கிராமம் ஏறக்குறைய 1500ஆம் ஆண்டளவில் வெறிச்சோடியது. ஏரைவிட ஆடு இலாபந் தந்தமையால் உழவர் போயினர், ஆடுகள் வந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, ஸ்லெட்மியர் மாளிகையின் சேர் கிறிஸ்தோபர் சைக்ஸ் போன்ற நிலக்கிழார்கள் மேய்ச்சல் வெளியை வேலியடைத்து மறுபடியும் உழவைக் கொணர்ந்தனர். இன்று நாம் காணும் தனித்தனிக் கமங்கள் பெரும்பாலும் அக்காலத்தும் அதற்கடுத்த தலைமுறையினும் எழுந்தவை.

அக்கமங்களின் அமைப்பு நம்மவர்க்கு எளிதில் விளங்கும். நமது நாற்சார் வீட்டை நினைத்துக்கொள்க. நடுவே முற்றம், சுற்றிலும் செங்கற் சுவரும் சிவந்த ஓட்டுக் கூரையுமாய்க் கட்டடங்கள். மாரியில் மாடுகளை அம்முற்றத்தில் வைக்கோல் பரப்பி நிறுத்துவர். அவை மிதித்துச் சேர்த்த எருவே மெலிந்த சுண்ண மண்ணுக்கு உணவாயிற்று. ஒரு பக்கத்திலே ‘பார்ண்’ எனப்படும் பெருங்களஞ்சியம். கதிரோடு கூடிய பாரவண்டி உள்ளே நுழைய வேண்டியிருந்தமையின் அதன் கதவுகள் மிக உயரமாய் அமைந்தன. சில கமங்களில் களஞ்சியத்தை ஒட்டி வட்டமான ஒரு கட்டடமும் உண்டு. செக்கிற் பூட்டிய எருதுபோலக் குதிரைகள் அதனுட் சுற்றிச் சுற்றி நடந்து சூடடிக்கும் பொறியை இயக்கினவாம். களஞ்சியத்தின் முகட்டுச் சுவரில் சிறு துவாரம் ஒன்று இருக்கும். எலி பிடிக்கும் ஆந்தை வந்து போவதற்கென்றே அக்கமக்காரர் வேண்டுமென்று விட்ட வழி அது!

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், வயலிலேயே அறுத்து அங்கேயே சூடடித்துத் தானியத்தைத் தனியே கொட்டும் பேரியந்திரம் பரவியது. அதன் வரவோடு களஞ்சியத்தின் வேலை போயிற்று. இயந்திரமோ அக்கதவினுள் நுழையாது. அதற்கென இரும்புச் சட்டமும் நெளிதகடும் கொண்ட அகன்ற கொட்டகைகள் எழுந்தன. மாடு வளர்ப்பதை விட்ட கமங்களில் முற்றமும் வெறுமையாயிற்று. புழக்கமற்ற கட்டடத்திற்கு ஓர் ஓடு சரிந்தாற் போதும். மழைநீர் மரத்தை உளுக்கச் செய்ய, சில மாரிகளில் கூரை குனிந்துவிடும். அவ்வாறு குனிந்த கூரைகளை வழிநெடுகிலும் கண்டோம்.

இனி வண்டி வீட்டுக்கு வருவோம். மோட்டார்க் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டை ஆங்கிலேயர் ‘கரவன்’ என்பர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதனுள் அடக்கம். 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் வைத்தியர் குதிரை பூட்டிய கரவன் ஒன்றைச் செய்வித்து இன்பப் பயணஞ் சென்றார். 1907இல் இதற்கெனச் சங்கமும் தோன்றிவிட்டது. ஹல் நகரின் சுற்றுப்புறமே இன்று கரவன் கட்டும் தொழிலுக்குப் பேர்பெற்ற இடம். கொட்டிங்காம் என்னும் ஊரிலுள்ள சுவிவ்ற் கம்பெனி 1964இல் தொடங்கியது. கரவன் பிறப்பதும் இங்கே, கோடையில் இளைப்பாறும் கடற்கரையும் இங்கே, மாரியில் உறங்குவதும் இங்கேயே என்றால் மிகையாகாது. கரையோரத்து ஹோல்டர்னெஸ் பகுதியில் களிமண் கரையை ஆண்டுதோறும் கடல் அரித்துக்கொண்டே வருகின்றமையால், அங்குள்ள கரவன் முகாம்கள் சில தம் முன்வரிசைகளைப் பின்னுக்கு நகர்த்தியவண்ணம் இருக்கின்றன. அது தனிக்கதை.

நம்மிடம் கல்வி பயின்று இப்போது பெவர்லியில் வாழும் மாணவர் ஒருவர் இத்தகைய கரவன் ஒன்று வைத்திருக்கிறார். மாரிக்கு முன் அதனைக் கொண்டுபோய் விடும் நாளில் எம்மையும் உடனழைத்துச் சென்றார். “வீட்டு முற்றத்தில் நிறுத்தக் கூடாதா?” என்று கேட்டோம். “முடியாது சேர். காணி உறுதியிலேயே தடை எழுதியிருக்கிறார்கள். தெருவில் விட்டால் களவு போய்விடும். காப்புறுதிக் கம்பெனியும் பூட்டிய இடத்திலேதான் விட வேண்டும் என்கிறது” என்றார். ஆண்டில் நான்கைந்து முறை வெளியே போகும் வண்டிக்கு மற்றை நாளெல்லாம் தங்குமிடம் வேண்டும். நம் கோயில்களில் ஒரு நாள் வீதியுலா வரும் தேருக்கு ஆண்டு முழுவதும் கொட்டகை வேண்டியிருப்பது போலத்தான்.

வழக்கொழிந்த களஞ்சியத்தின் கதவு இங்கேதான் பயன்பட்டது. பாரவண்டிக்கென அமைத்த அவ்வாயில் கரவனுக்கு அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. மாணவர் சமையல்வாயு உருளையைக் கழற்றி வெளியே வைத்தார். உள்ளே தீப்பொருள் கூடாதென்பது அங்குள்ள விதி. குழாய்களில் நீரையும் வடித்துவிட்டார். விட்டால் உறைபனியில் அவை வெடித்துவிடும். கமக்காரர் தமது உழவு இயந்திரத்தாலேயே வண்டியைப் பின்தள்ளி, சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினார். அவருடைய கைத்திறன் வியப்பாயிருந்தது.

அறுபது வயதைக் கடந்த அக்கமக்காரர் பேச்சிற் சிக்கனமானவர். ஆயினும் கணக்கை ஒளிக்கவில்லை. பிரித்தானியா 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், நிலப்பரப்பைப் பொறுத்து இங்கிலாந்துக் கமக்காரர்க்கு அரசு வழங்கிவந்த நேர்க்கொடை 2021 முதற் குறைக்கப்பட்டு வருகின்றது. 2027உடன் அது முற்றாக முடிவுறும் என்பது திட்டம். கோதுமை விலை அவர் கையில் இல்லை. கரவன் வாடகையோ மாதந்தோறும் வருவது. அந்த வாடகையிலிருந்தே களஞ்சியத்தின் ஓடுகளை மாற்றினாராம். கமத்தொழிற் கட்டடத்திற்கு இல்லாத உள்ளூர் வரி, கரவன் புகுந்ததும் வந்துவிடுகின்றதே என்பது மாத்திரம் அவருக்குக் குறை.

சட்டம் என்ன சொல்கின்றது? 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் பின்னர், இங்கிலாந்தில் ஒருவர் தமது கட்டடத்தின் பயன்பாட்டைத் தாம் நினைத்தவாறு மாற்றிவிட முடியாது. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். 2013இல் இதற்கு ஒரு தளர்வு வந்தது. 2012 யூலை 3ஆந் தேதி கமத்தொழிலுக்கே பயன்பட்டிருந்த கட்டடத்தைக் களஞ்சியப்படுத்தல் முதலான வேறு தொழில்களுக்கு மாற்றுவதாயின் முழு விண்ணப்பம் வேண்டுவதில்லை. 150 சதுர மீற்றருக்கு உட்பட்டதாயின் அறிவித்தல் போதும்; அதற்கு மேற்பட்டால் போக்குவரத்து, இரைச்சல், வெள்ள அபாயம், மண்ணின் மாசு ஆகியவற்றை மன்றம் ஆராயும். 500 சதுர மீற்றராயிருந்த மேலெல்லை 2024 மே மாதத்தில் 1,000 ஆக உயர்த்தப்பட்டது. மரபுச் சின்னமாகப் பதிவுபெற்ற கட்டடத்துக்கு இத்தளர்வு இல்லை. இதில் நுட்பமான ஒன்று உண்டு. சலுகை கட்டடத்துக்கும், அதனைச் சூழ்ந்து அதன் பரப்புக்கு மேற்படாத முற்றத்துக்குமே உரியது. சுவருக்கு வெளியே திறந்த வயலில் கரவன்களை நிறுத்த எண்ணினால் முழு அனுமதி கேட்டே ஆகவேண்டும்.

நாம் சென்ற கமத்தின் படலைக் கம்பத்தில் கட்டியிருந்த அறிவித்தல் அத்தகையதே. அருகிலுள்ள இரும்புக் கொட்டகையோடு, அதன் பின்னுள்ள வயலிலும் நாற்பது கரவன்களை நிறுத்தக் கமக்காரர் விண்ணப்பித்திருந்தார். அதுபற்றிக் கிராம சபை கூடிய மாலையில் நாமும் பின்வாங்கில் இடம்பெற்றோம்.

கூச்சலில்லை; நம் ஊர்க் கூட்டங்களை நினைத்து ஏங்கினோம். முதலிற் பேசியவர்கள் தெருவைப் பற்றியே பேசினர். காரும் கரவனும் சேர்ந்தால் பன்னிரண்டு மீற்றர் நீளம். ஒருவண்டித் தெருவில் எதிரே பள்ளிப் பேருந்து வந்தால் யார் பின்வாங்குவது? இவ்வாதம் அத்துணை வலிமையுடையதென எமக்குத் தோன்றவில்லை. ஆண்டிற் சில முறையே வெளிவரும் வண்டிகள், ஈஸ்டர் வாரத்திலும் ஆவணி விடுமுறையிலும் நெருக்கந் தருமேயன்றி, மற்றை நாட்களில் தானிய லொறியைவிடத் தொல்லை தரா. களஞ்சியத்தைக் குடியிருப்பு வீடாக மாற்றினால் நாள்தோறும் நான்கு கார் ஓடும். சுவரில் சாளரங்கள் வெட்டப்படும். பிறகு அது களஞ்சியமாக மீள்வது ஒருபோதும் இல்லை. கரவன் நின்ற களஞ்சியமோ நாளைக்கே வைக்கோல் அடைக்கத் தயாராயிருக்கும். கிராமத்தார் அஞ்சவேண்டிய மாற்றங்களுள் இதுவே மிகச் சிறியது.

ஆனால் வயலைப் பற்றி எழுந்து பேசிய மூதாட்டியார் ஒருவரின் சொல் எம்மை அசைத்தது. தமக்குக் கரவனோடு பகையில்லை என்றார்; தமது கணவரும் ஒன்று வைத்திருந்தாராம். “கூரைக்குள் இருப்பது எத்தனை என்று எனக்குத் தெரியவும் வேண்டாம். வெளியே நாற்பது வெள்ளைக் கூரைகள் நின்றால் மேட்டிலிருந்து பார்க்கும் எவருக்கும் தெரியும். களவுக்குப் பயந்து கம்பிவேலி போடுவீர்கள், வேலிக்கு விளக்குப் போடுவீர்கள், இந்த ஊரில் இன்றைக்கும் இரவிலே நட்சத்திரந் தெரிகிறது” என்று கூறி அமர்ந்தார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பல கல் தொலைவு கண்ணுக்குத் தெரியும் நாட்டில் நாற்பது வெண்கூரைகளை ஒரு முள்வேலியால் மறைத்தல் இயலாது. சுவருக்குள் நிகழும் மாற்றம் கமக்காரரின் காரியம். சுவரைத் தாண்டினால் ஊரின் காரியம். சட்டம் போட்ட கோடு இவ்விடத்தில் நியாயத்தின் கோடாகவே எமக்குப் பட்டது. கமக்காரர் பக்கத்து நியாயமும் இல்லாமற் போகவில்லை. வருமானத்திற் பாதி போய்விட்டவரிடம் காட்சியழகைக் காக்கச் சொல்லுவோர், அதற்கு விலை தருவார் யார் என்பதையும் சொல்லல் வேண்டும். அன்று எவரும் சொல்லவில்லை.

நாம் நாடு திரும்பிச் சில மாதங்களின் பின் மாணவரிடமிருந்து கடிதம் வந்தது. இரும்புக் கொட்டகைக்கு அனுமதி கிடைத்தது. வயல் விண்ணப்பத்தைக் கமக்காரர் தாமே மீளப் பெற்றுக்கொண்டார். கொட்டகையிற் பழுதுபார்த்தல், விற்பனை, இராத்தங்கல் கூடா. விளக்கு ஆள் அசைவில் மட்டும் எரிந்து அணைய வேண்டும் என நிபந்தனைகளாம். பழைய களஞ்சியத்திலே வேறொரு வழக்கு முளைத்திருக்கிறது. முகட்டுத் துவாரத்தின் வழியே ஆந்தைச் சோடி ஒன்று வந்து கூடுகட்டிவிட்டது. கீழே நின்ற கரவனின் சொந்தக்காரர், கூரையெல்லாம் எச்சம் என்று துவாரத்தை அடைக்கச் சொன்னாராம். கூடுகட்டிய களஞ்சிய ஆந்தையைக் குழப்புவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று கமக்காரர் கைவிரித்துவிட்டார். கரவனைத்தான் நான்கு முழம் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்.